இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை

இடப்பக்கம் சிவப்புப் பட்டுப்புடவை கட்டிய பாட்டி, வலப்பக்கம் பச்சைப் பாவாடை அணிந்த பேத்தி, நடுவில் ஒரு வெள்ளைக் கன்று. ஓர் ஓவியரிடம் இதைச் சொன்னால் மறுகேள்வி இருக்காது. 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மாடலிடம் இதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் இருவருக்கும் சிவப்புப் புடவை வரும். அல்லது பாட்டிக்குப் பச்சை, பேத்திக்குச் சிவப்பு. கன்றின் முதுகில் செந்நிறத் திட்டு இருக்கும். சில சமயம் கன்றே இருக்காது. மற்றபடி படம் அழகு. பட்டின் மினுமினுப்பு, தோலின் சுருக்கம், மாலை வெயில் எல்லாம் கச்சிதம். எது எங்கே என்பதில்தான் குளறுபடி.

இந்தக் குளறுபடியைத் தீர்க்க அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகளும் மென்பொருள் நீட்சிகளும் ஏராளம். எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியவை: படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கட்டளையிடுவது எப்படி, மற்றப் பகுதிகளைக் குலைக்காமல்? அவற்றைப் படித்துவந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது எளிய பாதி. எந்தப் படியில் போட்டு, எந்தப் படியில் அழித்துவிடுவது என்பதே கடினமான பாதி. அதைக் கவனித்த முறைகள் நல்ல படங்களைத் தந்தன. கவனிக்காதவை சொன்னபடி கேட்கும் மோசமான படங்களைத் தந்தன.

ஏன் கலக்கிறது

ராபின் ரோம்பாக்கும் சகாக்களும் 2022 சிவிபிஆர் மாநாட்டில் முன்வைத்த கட்டுரையே ஸ்டேபிள் டிஃப்யூஷனின் அடித்தளம். 512×512 புள்ளிகள் கொண்ட படத்தை அந்த மாடல் நேரடியாக வரைவதில்லை. 64×64 கட்டங்கள் கொண்ட ஒரு சுருக்க வடிவில்தான் வேலை நடக்கிறது. சுருக்கத்தின் ஒரு கட்டம் படத்தில் 8×8 புள்ளிகளாக விரியும். தொடக்கத்தில் கட்டங்களில் இருப்பது வெறும் இரைச்சல். இருபது, முப்பது, ஐம்பது படிகளில் அதைச் சிறிது சிறிதாக நீக்கிக்கொண்டே போக, உருவம் தெளிகிறது. ஒவ்வொரு படியிலும் மாடல் நாம் எழுதிய பிராம்ப்டைத் திரும்பிப் பார்க்கிறது.

பிராம்ப்ட் அதன் கைக்குச் சொற்களாகப் போவதில்லை. ஓப்பன்ஏஐ 2021 ஜனவரியில் அறிவித்த கிளிப் என்ற மாடல், வாக்கியத்தை 77 டோக்கன்களாக்கி, ஒவ்வொன்றையும் 768 எண்களாக மாற்றித் தருகிறது. படத்தின் ஒவ்வொரு கட்டமும் அந்த 77 இடங்களையும் பார்த்து, எதற்கு எவ்வளவு செவிசாய்ப்பது என்று எடை போட்டுக்கொள்கிறது. துறையில் இதற்குக் குறுக்கு அட்டென்ஷன் என்று பெயர். ‘சிவப்பு’ என்ற டோக்கனுக்குப் ‘புடவை’ உருவாகும் கட்டங்கள் மட்டுமே செவிசாய்க்க வேண்டும் என்று இதில் எங்கேயும் விதி கிடையாது. புதுச் சிவப்புத் துணியை மற்றத் துணிகளோடு ஊறவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

விதி இல்லையென்றாலும் மாடல் பழக்கத்தில் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். கற்பித்தவரின் குறை இங்கே குறுக்கே வருகிறது. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படம்-வாசக இணைகளைக் கொண்டு கிளிப் பயின்றது. அதற்குக் கொடுத்த வேலை, ஒரு படத்துக்குரிய வாசகத்தைப் பல வாசகங்களுக்கு நடுவே கண்டுபிடிப்பது. அதற்கு எந்தெந்தச் சொற்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். எந்தச் சொல் எதற்கு அடைமொழி என்று தெரிய வேண்டிய கட்டாயம் அரிது. 2022-ல் வந்த வினோகிரவுண்ட் சோதனை இதை அம்பலமாக்கியது. அதே சொற்களை இடம் மாற்றி அமைத்த இரண்டு வாக்கியங்கள், அவற்றுக்குரிய இரண்டு படங்கள். எது எதற்கு என்று பொருத்த வேண்டும். இப்படி 400 கணக்குகள். அன்றைய முன்னணி மாடல்கள் குருட்டாம்போக்கில் குறிப்பதைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. கிளிப்பை நம்பிக் கட்டிய டால்-ஈ 2 என்ற பட மாடலின் ஆசிரியர்களும் 2022 ஏப்ரல் கட்டுரையிலேயே, நீலக் கனசதுரத்தின் மேல் சிவப்புக் கனசதுரம் என்ற எளிய கோரிக்கையில் தங்கள் மாடல் தடுமாறுவதைக் காட்டிவிட்டார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். விளம்பரப் பக்கங்களில் அது இருக்கவில்லை.

வாசகங்களும் ஏழ்மையானவை. இணையத்தில் படத்துக்குக் கீழே எழுதுபவர் ‘இடப்பக்கம் அத்தை, வலப்பக்கம் மாமா’ என்று எழுதுவதில்லை. ‘ஊட்டி, கோடை விடுமுறை’ என்று எழுதுகிறார். 2024-ல் வந்த ஸ்பிரைட் ஆய்வு, பயிற்சித் தரவுகளில் இடம் குறிக்கும் சொற்கள் மிகக் குறைவு என்பதைக் காட்டி, சுமார் 60 லட்சம் படங்களுக்கு இடக்குறிப்புடன் புதிய வாசகங்களை மாடல்களைக் கொண்டே எழுதவைத்தது. அதற்கு முன்பே, 2023 இலையுதிர்காலத்தில் வந்த டால்-ஈ 3 இதே வழியில் போயிருந்தது: அதன் பயிற்சி வாசகங்களில் 95 விழுக்காடு இயந்திரம் எழுதியவை.

தமிழில் எழுதிக் கேட்பவருக்கு இந்தத் தலைமுறை மாடல்களில் இன்னொரு சங்கடம். கிளிப்பின் டோக்கன் அகராதி ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தொகுத்தது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும்; ‘பட்டுப்புடவை’ என்ற ஒரு சொல் சின்னஞ்சிறு துண்டுகளாகச் சிதறி, 77 இடங்களில் கணிசமானதை விழுங்கிவிடும். விழுங்கிய பிறகும் பொருள் விளங்காது. இடம்-வலம் பிரச்சினை வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே கீழே பேசப்படும் முறைகள் எல்லாம், வேறு மாடல்கள் வரும்வரை, ஆங்கில பிராம்ப்டை வைத்தே நடந்தவை.

பெயர் எழுதிய தூரிகை

இடத்தை ஆள்வது ஒருகாலத்தில் தீர்ந்துபோன பிரச்சினையாக இருந்தது என்பது இந்தக் கதையில் ஒரு வேடிக்கை. 2019-ல் என்விடியா காட்டிய காகான் என்ற கருவியில் ‘வானம்’, ‘கடல்’, ‘பாறை’ என்று பெயரிட்ட தூரிகைகள் இருந்தன. ஓவியர் காகினின் பெயரை ஒட்டி வைத்த பெயர். பாறைத் தூரிகையால் கிறுக்கிய இடத்தில் பாறை, கடல் தூரிகையால் தேய்த்த இடத்தில் அலை. பாறையின் நிழல்கூட நீரில் விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் முகவரி எழுதியிருந்ததால் எதுவும் இடம் மாறாது. ஆனால் தூரிகைப் பெட்டி மூடிய பெட்டி. இத்தகைய மாடல்கள் பயிலும் ஏடிஇ20கே தரவில் 150 வகைகள்தாம். பாட்டியையும் பேத்தியையும் பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை, இருவரும் ‘ஆள்’.

வாக்கியத்தில் இயங்கும் மாடல்கள் வந்தபோது சொல்வளம் எல்லையற்றதானது. கையில் இருந்த இடம் நழுவியது. 2022-க்குப் பிறகான வரலாறு, காகானின் தூரிகையையும் டால்-ஈயின் நாக்கையும் ஒரே உடம்பில் பொருத்தும் முயற்சி.

முதல் நல்ல ஒட்டு என்விடியாவிலிருந்தே வந்தது. 2022 நவம்பரில் வந்த ஈடிஃப்-ஐ மாடலில் பிராம்ப்டில் ஒரு சொல்லைத் தேர்ந்து, அது படத்தில் எங்கே வர வேண்டுமோ அங்கே தீற்றலாம். உள்ளே நடப்பது எளிது: தீற்றிய கட்டங்களில் அந்தச் சொல்லுக்கான அட்டென்ஷன் எடை செயற்கையாகக் கூட்டப்படுகிறது. மாடலை மறுபடி பயிற்றுவிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தில் என்னைக் கவர்ந்தது வேறு. கூட்டும் அளவு நிலையானதல்ல. இரைச்சல் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதற்கேற்ப மாறுகிறது. தொடக்கப் படிகளில் கட்டளை உரக்க ஒலிக்கும். படம் தெளியத் தெளியத் தேய்ந்து, கடைசியில் மாடல் தன் போக்கில் முடித்துக்கொள்ளும்.

ஏன் இப்படி என்பதற்கான விடை அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிராம்ப்ட்-டு-பிராம்ப்ட் கட்டுரையில் இருந்தது. ஒரு படம் உருவானபோது கிடைத்த அட்டென்ஷன் வரைபடங்களை எடுத்து, ஒரு சொல்லை மாற்றிய இன்னொரு பிராம்ப்டின் மேல் திணித்தால், அமைப்பு அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் மாறுகிறது. எது எங்கே என்ற தீர்ப்பு தொடக்கப் படிகளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பிந்தைய படிகள் பட்டின் இழையையும் கண்ணின் ஒளியையும் கவனிக்கின்றன. தீர்ப்பு முடிந்த பிறகும் கோட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டிருப்பது வீண் மட்டுமல்ல, கெடுதல்.

கட்டிடத்தை இடிக்காமல்

அடுத்த ஆண்டு, 2023, இந்தத் துறையின் மழைக்காலம். ஜனவரியில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் அட்டெண்ட்-அண்ட்-எக்ஸைட் முறையைத் தந்தார்கள். அது இடத்தைக் கேட்பதில்லை. காணாமல்போகும் கன்றை எப்படியாவது வரவழைப்பது அதன் வேலை. ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த முறை ஒரு பெட்டியைக் கேட்டது: ‘கன்று’க்கான அட்டென்ஷன் பெட்டிக்கு வெளியே சிந்தினால், சிந்தியதைப் பிழையாகக் கணக்கிட்டு, இன்னும் உருவாகாத படத்தையே பின்னோக்கித் திருத்தும். பயிற்சிச் செலவு இல்லை. ஒவ்வொரு படமும் மெதுவாகும், அவ்வளவே.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்து அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த மல்ட்டிடிஃப்யூஷன் இன்னும் வெளிப்படையானது. பகுதிக்கு ஒரு பிராம்ப்ட். ஒவ்வொரு படியிலும் மாடலைப் பகுதிக்கு ஒரு முறை ஓட்டி, வரும் விடைகளைப் பகுதியின் எல்லையைக் குறிக்கும் மாஸ்க் வழியே கலந்து சராசரி எடுப்பது. மூன்று பகுதி என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு வேலை. இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பேத்தி’ பிராம்ப்டை வைத்து ஓடும் மாடலுக்குத் தான் படத்தின் வலது பாதியை மட்டும் வரைகிறோம் என்று தெரியாது. முழுப் படத்தின் நடுவில் பேத்தியை நிறுத்தப் பார்க்கும். மாஸ்க்கை வைத்து வெட்டினால் அரை முகம் கிடைக்கும். ஆசிரியர்கள் கண்ட தீர்வு: முதல் 20 விழுக்காடு படிகளில் மாஸ்க்குக்கு வெளியே சமநிறப் பின்னணி ஒன்றை மாட்டிவிடுவது. போக இடமில்லாத பேத்தி மாஸ்க்குக்குள் வந்து நிற்பாள். பிறகு பின்னணியை எடுத்துவிட்டு எல்லாரையும் கலக்க விடலாம்.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்த கிளைஜென் பயிற்சி வழியே போனது. பழைய மாடலின் எடைகளைத் தொடாமல், இடையிடையே புதிய லேயர்களைச் செருகி, பெட்டியின் ஆயங்களையும் அதற்குரிய சொல்லையும் சேர்த்து ஊட்டினார்கள். புதிய லேயர்களின் வாயில் தொடக்கத்தில் முழுக்க மூடியிருக்கும். பயிலப் பயிலத் திறக்கும். படம் உருவாக்கும்போது இந்த லேயர்களைத் தொடக்கப் படிகளில் மட்டும் இயக்கிவிட்டு நிறுத்தினால் தரம் கூடுகிறது என்று இவர்களும் கண்டார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு கணக்கு. ஈடிஃப்-ஐ, மல்ட்டிடிஃப்யூஷன், கிளைஜென் மூவரும் கோட்டை நேரத்தோடு அழிக்கும் இடத்தில் சந்திக்கிறார்கள்.

ஆய்வகங்கள் இப்படி இருக்க, வீட்டுக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் காத்திருக்கவில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் வெப்யூஐ இடைமுகத்துக்கு லேட்டன்ட் கப்பிள், ரீஜனல் பிராம்ப்டர் போன்ற நீட்சிகளைத் தனிநபர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். ரீஜனல் பிராம்ப்டரில் படத்தை 1:1, 1:2 என்று விகிதமாகப் பிரித்து, பிராம்ப்டை ‘பிரேக்’ என்ற சொல்லால் துண்டு போட்டால் போதும். இரண்டு முறைகள் உண்டு. ஒன்று அட்டென்ஷனைப் பகுதிவாரியாகக் கணக்கிட்டு ஒட்டுவது, வேகமானது. மற்றது மல்ட்டிடிஃப்யூஷன் போலப் பகுதிதோறும் முழுதாக ஓடுவது; மெதுவானது, ஆனால் லோரா கோப்புகளைப் பிரித்து வைக்க உதவும். லோரா என்பது ஒரு முகத்தையோ பாணியையோ மாடலுக்குக் கற்பிக்கும் சிறு கோப்பு. அது மாடலின் எடைகளையே மாற்றுவதால் படம் முழுக்கப் பாயும். இரண்டு பேரின் லோராவைச் சேர்த்துப் போட்டால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி முகம் வரும்.

இந்தக் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் அனுபவத்தில் கண்ட ஒரு நுட்பம் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை. பகுதி பிராம்ப்டுகளுக்கு மேலே ஒரு பொது பிராம்ப்ட் வேண்டும். அதில் ‘இரண்டு பேர், ஒரு கன்று, மாலை வெயில், கிராமத்து முற்றம்’ என்று முழுப் படத்துக்கும் பொதுவானதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இடப்பாதியில் காலையும் வலப்பாதியில் மாலையும் வரும், நடுவில் ஒரு தையல் தெரியும். பொது பிராம்ப்டுக்கு எடை மிகுந்தால் மறுபடி எல்லாம் கலக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டுபிடிப்பது இன்றுவரை கைப்பழக்கம்தான்.

ஸ்டான்ஃபோர்டின் லுவ்மின் ஜாங், அன்யி ராவ், மனீஷ் அகர்வாலா மூவரும் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட கண்ட்ரோல்நெட் இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டதாக அப்போது தோன்றியது. அதே ஆண்டு ஐசிசிவி மாநாட்டில் சிறந்த கட்டுரைக்கான மார் பரிசும் அதற்குக் கிடைத்தது. மூல மாடலை உறையவைத்து, அதன் ஒரு பாதிக்குப் பயிலக்கூடிய நகல் எடுத்து, இரண்டையும் பூஜ்யத்தில் தொடங்கும் இணைப்புகளால் கோத்தார்கள். விளிம்புக்கோடு, ஆழ வரைபடம், மனித எலும்புக்கூட்டு நிலை எதைக் கொடுத்தாலும் படம் அதன்படி வரும். ஆனால் அது வடிவத்தை ஆள்கிறது, அடையாளத்தை அல்ல. இரண்டு எலும்புக்கூடுகளை வரைந்து கொடுத்தால் இரண்டு பேர் வருவார்கள். எது பாட்டி என்று எலும்புக்கூட்டில் எழுதியிருக்காது. வகைநிறங்களால் தீட்டிய வரைபடத்தைக் கொடுக்கும் கண்ட்ரோல்நெட்டும் உண்டு. அதன் முதல் பதிப்பு பயன்படுத்தியது ஏடிஇ20கே-யின் அதே 150 நிறங்கள்; காகானின் பெட்டி திரும்பி வந்தது. வடிவத்துக்குக் கண்ட்ரோல்நெட், அடையாளத்துக்குப் பகுதி பிராம்ப்ட் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதே அந்தத் தலைமுறை மாடல்களில் நம்பகமான வழி என்பது என் மதிப்பீடு.

எந்தக் கசிவு பிழை?

சொல்லுக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள குறுக்கு அட்டென்ஷனை மட்டும் எல்லாரும் காவல் காத்தபோதும் கசிவு நிற்கவில்லை. 2024 மார்ச்சில், மறுபடி டெல் அவிவிலிருந்து, வந்த பவுண்டட் அட்டென்ஷன் ஆய்வு காரணத்தைக் காட்டியது. கட்டங்கள் சொற்களோடு மட்டும் பேசுவதில்லை, தங்களுக்குள்ளும் பேசிக்கொள்கின்றன. பூனைக்குட்டியின் கட்டமும் நாய்க்குட்டியின் கட்டமும் மாடலின் உள்கணக்கில் அருகருகே இருப்பதால் ஒன்று மற்றதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பூனையும் பூசணிக்காயும் இருந்தால் இந்தச் சிக்கல் குறைவு. ஒரே வகையான இரண்டு பொருள்களே அதிகம் கலப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு இது விடை. பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே மூக்கு வருவது குடும்ப ஜாடை அல்ல. இவர்கள் செய்த தீர்வு, ஒரு பொருளின் கட்டங்கள் இன்னொரு பொருளின் கட்டங்களைப் பார்க்கவிடாமல் தடுப்பது. பின்னணியோடு மட்டும் பேசலாம்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இந்தத் துறையின் கட்டுரைகள் கசிவு என்ற சொல்லை எப்போதும் நோய் என்ற பொருளிலேயே எழுதுகின்றன. முற்றத்தில் மாலை வெயிலில் சிவப்புப் பட்டு கட்டிய ஒருவர் பக்கத்தில் வெள்ளைக் கன்று நின்றால், கன்றின் விலாவில் செந்நிறச் சாயல் விழத்தான் செய்யும். பாட்டியின் நிழல் பேத்தியின் காலடிவரை நீளும். எண்ணெய் வண்ணம் பழகிய எந்த ஓவியரும் இந்த எதிரொளியைத் தேடித் தேடித் தீட்டுவார். அது இல்லாத படம் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். பகுதிகளை இறுகப் பூட்டிய மாடல்களின் படங்களில் அந்த ஒட்டுவேலை முகத்தில் அடிக்கிறது. வெளிச்சமும் நிழலும் எல்லை தாண்ட வேண்டும், நிறமும் அடையாளமும் தாண்டக் கூடாது. மாடலின் உள்ளே இவை இரண்டும் ஒரே பாதையில் பயணிக்கின்றன. பாதையை அடைத்தால் இரண்டும் நிற்கும். தொடக்கத்தில் அடைத்து, அடையாளம் உறுதியான பின் திறந்துவிடுவது இதனால்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்: பிந்தைய படிகளில் பேத்தி பாட்டியாக மாற முடியாது, ஆனால் பாட்டியின் நிழலை வாங்கிக்கொள்ள முடியும். முழுத் தீர்வு என்று இதைச் சொல்ல முடியாது. சீக்கிரம் திறந்தால் நிறம் ஓடிவிடும், தாமதித்தால் நிழல் வராது.

அடுத்த தடை இன்னும் கடினம். பாட்டி பேத்தியின் தோளில் கை வைத்திருக்கிறாள். அந்தக் கை யாருடைய பகுதி? பேத்தியின் பெட்டிக்குள் இருக்கிறது, பாட்டியின் தோல். பெட்டியும் மாஸ்க்கும் பெயர்ச்சொற்களுக்குரியவை. வைத்தல், அணைத்தல், ஊட்டுதல், கயிற்றைப் பிடித்து இழுத்தல் போன்ற வினைகள் இரண்டு பகுதிகளின் எல்லையில் நடப்பவை. அந்த எல்லையில்தான் நாம் சுவர் எழுப்பியிருக்கிறோம். பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டால் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் படியும் இடத்தில் ஆறாவது விரல் முளைக்கும்.

மதிப்பெண்ணும் புடவையும்

முன்னேற்றத்தை அளக்க ஆய்வாளர்கள் அதிகம் கையாளும் அளவுகோல்களில் ஒன்று 2023-ல் வந்த ஜென்எவல். 553 பிராம்ப்டுகள், ஆறு வகைப் பாடங்கள். அதில் இடம் என்ற பாடத்தில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 நூற்றுக்கு 4 வாங்கியது. அதற்குப் பின் வந்த எஸ்டிஎக்ஸ்எல் 15. பின்னர் டால்-ஈ 3 வாங்கியது 43. எந்த நிறம் எந்தப் பொருளுக்கு என்ற பாடத்தில் அதே மூன்றும் முறையே 6, 23, 45. பகுதிக் கட்டுப்பாடு ஏதுமில்லாமல் வாக்கியத்தை மட்டும் வைத்து வாங்கிய மதிப்பெண்கள் இவை. வாசகங்களைத் திருத்தி எழுதியதற்கும் பெரிய மாடல்களுக்கும் கிடைத்த பலன்.

திருத்துபவரும் இயந்திரமே. பொருள் கண்டறியும் மாடல் ஒன்று படத்தில் பொருள்களைக் கண்டு, அவற்றின் மையங்களை ஒப்பிட்டு இடமா வலமா என்று குறிக்கிறது. நிழல் சரியா, தையல் தெரிகிறதா என்று அது பார்ப்பதில்லை. ஒட்டுவேலைப் படத்துக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். பாடத்திட்டமும் குறுகியது: கோகோ தரவின் 80 வகைப் பொருள்கள். அதில் பசு இருக்கிறது, கழுத்து டை இருக்கிறது, பீட்சா இருக்கிறது, புடவை இல்லை. நம் பாட்டியும் பேத்தியும் அங்கே தேர்வு எழுதவே முடியாது.

பெட்டிகளை மனிதர் வரைய வேண்டுமா என்ற கேள்வியும் இதற்குள் எழுந்தது. பெர்க்லியின் எல்எல்எம்-கிரவுண்டட் டிஃப்யூஷன், லேஅவுட்ஜிபிடி (இரண்டும் 2023), ஆர்பிஜி (2024 ஜனவரி) ஆகியவை மொழி மாடலிடம் வாக்கியத்தைக் கொடுத்துப் பெட்டிகளை வாங்கின. லேஅவுட்ஜிபிடி இணையப் பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் நடையில் ஆயங்களை எழுதவைத்தது; மொழி மாடல் அந்த நடையை ஏராளமாகப் படித்திருக்கிறதே. லுவ்மின் ஜாங்கே 2024 நடுவில் வெளியிட்ட ஆம்னோஸ்ட்டில் இடம், நகர்வு, பரப்பு ஒவ்வொன்றுக்கும் 9 சொற்கள். ஆக 729 பெட்டிகளில் ஒன்றை மாடல் சொல்லால் தேர்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் மொழி மாடல் அமைக்கும் காட்சிகள் பெரும்பாலும் நடுவில் ஆள், மேலே வானம், கீழே தரை என்று தபால்தலை போல இருக்கின்றன. வரையத் தெரியாதவருக்கு உதவி. அமைப்பில் கருத்து உள்ளவருக்குப் போதாது.

பின்னால் திருத்துதல்

இதுவரை பார்த்தவை படம் பிறக்கும்போதே ஆள்பவை. பிறந்த பின் ஒரு பகுதியை அழித்து மறுபடி வரைவது இணையாக ஓடிய தனி மரபு; அன்றாட வேலையில் ஜெயித்ததும் அதுதான். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் பிளெண்டட் டிஃப்யூஷன், சூரிச் இடிஹெச்சின் ரீபெயின்ட் இரண்டும் 2022-ல் வந்தவை. மாஸ்க்குக்கு வெளியே உள்ள பழைய படத்தை ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குரிய இரைச்சலோடு திரும்ப வைத்துவிட்டு, உள்ளே மட்டும் புதிதாக வரையவிடுவது அடிப்படை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் இன்பெயின்டிங் மாடலுக்கு வழக்கமான 4 தடங்களோடு மேலும் 5 கொடுத்தார்கள்: மறைத்த படத்துக்கு 4, மாஸ்க்குக்கு 1. 2023 ஏப்ரலில் மெட்டாவின் செக்மென்ட் எனிதிங் வந்ததும் மாஸ்க் வரையும் கைவலியும் போனது. ஒரு சொடுக்கில் புடவை தனியாகப் பிரிந்து வரும். அதை 1.1 கோடி படங்களிலும் 100 கோடிக்கு மேற்பட்ட மாஸ்க்குகளிலும் பயிற்றுவித்திருந்தார்கள். அடுத்த மாதமே அடோபி ஃபோட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில், ஆகஸ்டில் மிட்ஜர்னியில் பகுதி மாற்றம்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு, ஆரம்பத்தில் சொன்ன 8×8 கட்டத்திலிருந்து வருவது. மூக்குத்தியையோ தாவணியின் சரிகையையோ திருத்த மெல்லிய மாஸ்க் போட்டால் சுருக்க வடிவில் அது ஓரிரு கட்டங்களே. மாடலுக்கு அங்கே வரைய இடமில்லை. அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, வரைந்து, சுருக்கித் திரும்ப ஒட்டுவதே வழி. பல இடைமுகங்களில் இதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது; புதியவர்கள் அதைத் தொடுவதில்லை.

2024-ல் கட்டிடமே மாறியது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3, ரோம்பாக்கின் புதிய நிறுவனமான பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் ஆகஸ்டில் வெளியிட்ட ஃப்ளக்ஸ் ஆகியவை டிரான்ஸ்ஃபார்மர் அடிப்படையிலானவை. சொல் டோக்கன்களும் படத் துண்டுகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து எல்லாரும் எல்லாரையும் பார்க்கின்றன. கிளிப்போடு டி5 என்ற பெரிய மொழிக்குறியாக்கியும் சேர்ந்ததால் நீண்ட வாக்கியங்கள் விளங்குகின்றன. இடம்-வலம் குழப்பம் குறைந்தது, தீரவில்லை. நவம்பரிலேயே ஃப்ளக்ஸுக்கான பகுதி பிராம்ப்ட் முறை வந்துவிட்டது: யார் யாரைப் பார்க்கலாம் என்ற பட்டியலை மாஸ்க்காக்கி அட்டென்ஷனில் வைப்பது. அதிலும் பகுதிக் கட்டளையை எத்தனை படிவரை வைத்திருப்பது, பொது பிராம்ப்டை எவ்வளவு கலப்பது என்ற இரண்டு திருகுகள். பழைய திருகுகள்தாம்.

2025 மார்ச் 25 அன்று ஓப்பன்ஏஐ ஜிபிடி-4ஓ-வின் படத்திறனை வெளியிட்டபோது, மற்ற மாடல்கள் 5 முதல் 8 பொருள்களில் திணற, தங்களுடையது 10 முதல் 20 வரை கையாளும் என்று அறிவித்தது. பாட்டி, பேத்தி, கன்று என்ற நம் கோரிக்கை இத்தகைய மாடலுக்கு எளிது. தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்கிறது. தோளில் கையும் பெரும்பாலும் சரியாகவே விழுகிறது, ஏனெனில் நடுவில் சுவரே இல்லை. ஆனால் ‘பாவாடையின் கரையை மட்டும் மஞ்சளாக்கு’ என்றால் முழுப் படத்தையும் புதிதாக எழுதுகிறது. கரை மஞ்சளாகும், கூடவே பாட்டியின் முகம் இம்மியளவு நகரும். குறிப்பிட்ட பகுதியைத் திருத்தச் சொன்னால் மற்ற இடமும் மாறலாம் என்பதை நிறுவனமே குறைகளின் பட்டியலில் எழுதியிருந்தது. ஐந்தாறு திருத்தங்களுக்குப் பிறகு அது வேறு பாட்டி.

இதனால் தொழில்முறையில் படம் செய்பவர்கள் இப்போது இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். காட்சியின் அமைப்பையும் உறவுகளையும் வாக்கியத்தால் வாங்கிவிடுகிறார்கள். திருத்தங்களுக்கு வரும் ஒவ்வொரு புதுப் படத்தையும் முந்தையதன் மேல் லேயராக வைத்து, மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் மாஸ்க்கில் திறந்துவிட்டு, மற்றதை மூடிவிடுகிறார்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர் என்ற வசதி 1994-ல், 3.0 பதிப்பில் வந்தது. லுவ்மின் ஜாங் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட லேயர்டிஃப்யூஸ், படத்தை ஆரம்பத்திலேயே ஒளி ஊடுருவும் லேயர்களாகப் பெற்றெடுக்கப் பார்க்கிறது: பாட்டி ஒரு லேயர், பேத்தி ஒரு லேயர், முற்றம் ஒரு லேயர். அப்போது யாரை வேண்டுமானாலும் நகர்த்தலாம், நிறம் மாற்றலாம். நகர்த்திய பிறகு பாட்டியின் நிழலை முற்றத்து லேயரில் யார் திருத்துவது என்பதற்கு அந்த வழியிலும் இன்னும் விடை வரவில்லை.